சரிவராத வட்டுகள்

"எவ்வளவு?" என்று கேட்டார் இவர்.

"எட்டு."

"எட்டோ, எட்டுக்குக் கிட்டவோ?"

"எட்டு. ஊசி கோட்டுக்கு மேல நிக்குது. கோடு தெரியேல்ல."

இவர் லேத் மெசினுக்கு மேல் குனிந்து, சுட்டுவிரல் நுனியால் அந்த இரும்பு வட்டின் விளிம்பை ஒரு சுற்றுத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். திறந்து வைத்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நீரிழிவு என்கிற சீனி வருத்தம் அவர் கண்களில் பாதியை ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது.

"சரிவராது," என்றார்.

வட்டைக் கழற்றி, பக்கத்தில் இருந்த பிஸ்கற் தகரத்துக்குள் போட்டார். டங் என்று ஒரு சத்தம். ஏற்கெனவே அதற்குள் கிடந்த வட்டுகளோடு இதுவும் போய்ச் சேர்ந்தது.

நல்ல பின்னேரம். சோளகக் காற்று வெளியே பனைகளைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தது. இவர் பட்டறையாக்கிய பழைய குசினியின் புகைக்கூட்டு வழியாக மண் வந்து என் மடியில் விழுந்தது. நான் வட்டைத் தொட்டு அளவு காட்டுகிற டயலைப் பார்த்தேன், தகரத்தைப் பார்த்தேன், இவரைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் சண்டை வரும் என்று தேத்தண்ணி போட எழும்பிப் போனேன்.

இவருடைய கடைசி மாதங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஆஸ்பத்திரியும் இல்லை, செத்தவீடும் இல்லை. அந்த டங் சத்தம்தான்.

யார் எவர்

இந்த வாராந்தத் தொடரை இடையில் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் தையல் ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இவர் என்று நான் எழுதுவது என் கணவர் மரியதாசை. இளம் வயதில் கப்பலேறி, இஞ்சின் அறையில் எண்ணெய் விடுகிற வேலையில் தொடங்கி, மூன்றாம் இஞ்சினியர் வரைக்கும் வந்தவர். கடைசியில் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், கரம்பொன்னில் எங்கள் வீட்டுப் பழைய குசினிக்குள் ஒரு சின்ன லேத்தோடு கரை ஒதுங்கினார். மகள் ஒருத்தி, நோர்வேயில்.

போன கிழமை இவருடைய கோபங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு பெண் என்னைச் சந்தையில் கண்டு, "அந்த மனிசனோட எப்பிடி ரீச்சர் இவ்வளவு காலம் இருந்தனீங்கள்?" என்று கேட்டாள். இருந்தேன் பிள்ளை. அவரும் என்னோடு இருந்தார். அந்தக் கஷ்டத்தை ஒருவரும் விசாரிப்பதில்லை.

கோணல் வட்டு

ஓய்வுக்கு வந்த நாள் தொட்டு இவர் ஒரு நீராவி இஞ்சின் செய்துகொண்டிருந்தார். விளையாட்டுச் சாமான் அளவில்தான், ஒரு போத்தல் உயரம். ஆனால் விளையாட்டு இல்லை. பழைய கப்பல்களில் இருந்த இஞ்சினைப் போலவே அது முன்னுக்கும் ஓட வேண்டும், பின்னுக்கும் ஓட வேண்டும்.

பின்னுக்கு ஓடுவதில்தான் எல்லாச் சிக்கலும். சிலிண்டருக்குள் ஆவியை எப்போது விடுவது என்பதை ஒரு வால்வு தீர்மானிக்கிறது. அந்த வால்வை ஆட்டுவது சுழல்கிற தண்டில் பூட்டிய ஒரு வட்டு. அந்த வட்டில் துளை நடுவில் இருக்காது, ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும். அதனால் தண்டு சுற்றும்போது வட்டு நொண்டி நொண்டிச் சுற்றும். அந்த நொண்டல்தான் வால்வை முன்னும் பின்னும் தள்ளுகிறது.

எக்சென்ரிக் என்று இவர் சொல்வார். நான் கோணல் வட்டு என்பேன். இவருக்குப் பிடிக்காது. "கோணல் இல்லையப்பா, அளந்து விலக்கினது," என்பார்.

இஞ்சின் முன்னுக்கு மட்டும் ஓடினால் போதும் என்றால் ஒரு வட்டு போதும். பின்னுக்கும் ஓட வேண்டும் என்றால் இரண்டு வேண்டும். இரண்டையும் பிறைபோல் வளைந்த ஒரு துண்டு தொடுக்கும். நெம்புகோலை இந்தப் பக்கம் தள்ளினால் வால்வு முதல் வட்டின் சொல் கேட்கும். அந்தப் பக்கம் தள்ளினால் இரண்டாவதின் சொல் கேட்கும். இவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது.

வட்டு வெட்டுவதற்கு இரும்பு, நயினாதீவுப் படகொன்றின் ஒடிந்த இஞ்சின் தண்டு. குறிகட்டுவான் துறையில் யாரோ தூக்கி எறிந்திருந்ததை இவர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். அம்மன் கோயிலுக்குச் சனத்தை ஏற்றி இறக்கிய தண்டு, நல்ல காரியத்துக்குத்தான் வரும் என்று எனக்குச் சமாதானம் சொன்னார். பஸ்ஸிலும் இதையே சொன்னாராம்; கிறிஸ்தவ வேதக்காரன் ஒருவன் அம்மனைப் பற்றி அப்படிச் சொன்னதைக் கேட்டு பஸ்காரன் டிக்கற் காசு வாங்கவில்லையாம்.

கண் மங்கிய பிறகு இவரால் டயலை வாசிக்க முடியவில்லை. கை மட்டும் முன்பு போலவே இருந்தது. அப்படித்தான் நான் அந்தக் குசினிக்குள் போய் முக்காலியில் குந்தினேன். அவர் வெட்டுவார், நான் வாசிப்பேன்.

முதல் நாளே சண்டை. துளை நாலு மில்லிமீற்றர் விலக வேண்டும் என்றார். டயல் எட்டுக் காட்டியது. பிழை என்றேன். "ஒரு சுத்துச் சுத்தி வந்தா ரெண்டு மடங்கு காட்டும், அதுதான் சரி," என்றார். யோசித்துப் பார்த்தேன். துணியை மடித்து வைத்து ஓரத்தில் ஒரு விரல் வெட்டினால், விரித்தால் இரண்டு விரல் போயிருக்கும். அதே கணக்கு. இதை முதலே இப்படிச் சொல்லியிருக்கலாம் என்றேன். தான் தையல் படிக்கவில்லை என்றார்.

அந்த இஞ்சின் இப்போதும் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் இருக்கிறது. ஆவி கூட வேண்டாம், சைக்கிள் பம்பால் காற்று அடித்தாலே டுக்கு டுக்கென்று ஓடும். முன்னுக்கு மட்டும். இரண்டாவது வட்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தண்டு. வருகிற பொடியன்கள் யாராவது அதைப் பார்த்துவிட்டு, இதைச் சரிப்படுத்தித் தரட்டுமா என்று கேட்பதுண்டு. வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

ஆட்டுக் கொட்டிலுக்குள் ஒரு லேத்

அந்த லேத் வந்த கதையையும் சொல்ல வேண்டும். அதை ஒரே தடவையில் யாரும் கொண்டுவரவில்லை. இவர் லீவில் வரும்போதெல்லாம் பெட்டிக்குள் ஒரு துண்டு வரும். மற்றக் கப்பல்காரரின் பெண்சாதிமாருக்கு நைலெக்ஸ் சேலை வந்த காலம். எனக்கும் சேலை வந்தது, நடுவில் ஒரு இரும்புப் பல்லுச் சில்லைச் சுற்றிக்கொண்டு. சேலையில் கிறீஸ் கறை. இன்றைக்கும் போகவில்லை.

சண்டைக்குப் பயந்து தீவுப்பகுதியை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட அந்த வருசம், அள்ளிக் கட்டுவதற்கு ஒரு காலைப்பொழுதுதான் கிடைத்தது. நான் மகளின் உடுப்புகளையும் காணி உறுதியையும் எடுத்தேன். இவர் லேத்தைக் கழற்றி, கிறீஸ் பூசி, சாக்கில் சுற்றி, ஆட்டுக் கொட்டிலுக்குள் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டு வந்தார். படகு போய்விடும் என்று நான் கத்திக்கொண்டு நின்றேன்.

வருசக்கணக்கில் கழித்துத் திரும்பி வந்தோம். கூரை இல்லை. கதவில்லை, கதவுநிலையும் இல்லை. கிணற்றுக்குள் என்ன கிடந்தது என்பதை நான் முன்பே எழுதிவிட்டேன், திரும்ப எழுதப்போவதில்லை. இவர் நேரே கொட்டிலுக்குப் போய்த் தோண்டினார். லேத் இருந்தது. ஒரு முனையில் மட்டும் துருவேறிக் கறள்.

"ஆட்டு மூத்திரம்," என்றார். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

அதற்குப் பிறகு கரண்ட் இல்லாத வருசங்கள் வந்தன. என் தையல் மெசினின் கால்மிதியைக் கழற்றி லேத்தில் பூட்டி, காலால் மிதித்து மிதித்துப் பித்தளை கடைந்தார். நான் கையால் தைத்தேன். எந்த வீட்டிலும் யாரோ ஒருவரின் சாமான்தான் மற்றவரின் சாமானுக்காகக் கழற்றப்படுகிறது. எங்கள் வீட்டில் அது எப்போதும் என்னுடையதுதான்.

கப்பலில் ஒரு நாள்

ஏன் பின்னுக்கு ஓட வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது தானாகச் சொன்னார்.

இவர் முதலில் ஏறியது ஒரு கிரேக்க முதலாளியின் கிழட்டு நீராவிக் கப்பல். ஏதோ ஒரு துறைமுகத்துக்குள் நுழையும்போது மேலிருந்து மணி அடித்துக் கட்டளை வந்தது, பின்னுக்கு எடு என்று. நெம்புகோலைத் தள்ளினார்கள். பின்னுக்கான வட்டு எண்ணெய் வற்றிச் சூடேறி, தன்னைச் சுற்றிய இரும்புப் பட்டிக்குள் இறுகிப்போய் இருந்தது. இஞ்சின் பின்னுக்கு எடுக்கவில்லை. கப்பல் நேரே போய்க் கரையில் மோதியது. இடையில் ஒரு சின்ன வள்ளம், அதற்குள் ஒரு மனிதன்.

"கீழ நிண்ட எங்களுக்கு ஒண்டும் தெரியாது. ஒரு குலுக்கல் மட்டும்தான். மேல வந்து பாத்தா, தொப்பி ஒண்டு தண்ணியில மிதக்குது," என்றார்.

பிறகு மீன்குழம்பு கொஞ்சம் விடச் சொன்னார். நான் விட்டேன். அந்தக் கதையை அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொல்லவில்லை.

நிபந்தனை

மார்பு நோவு வந்தது ஒரு தேவாலயப் பெருநாளுக்கு அடுத்த கிழமை. யாழ்ப்பாணம் கொண்டுபோய் எல்லாச் சோதனையும் செய்தார்கள். இருதயத்துக்குப் போகிற குழாய்கள் அடைத்துவிட்டன, நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்ய வேண்டும், தாமதிக்காமல் செய்தால் நல்லது என்றார்கள். இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து குசினிக்குள் போய் லேத்தைப் போட்டார்.

மகள் வீடியோவில் வந்து அழுதாள். "அப்பா, எப்ப போறீங்கள்?"

"இந்த இஞ்சினை முடிச்சிட்டுப் போறன். முன்னுக்கு ஓடுது. பின்னுக்கு ஒரு வட்டுத்தான் மிச்சம். ரெண்டு பக்கமும் ஓடட்டும், அண்டைக்கே நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுறன்."

"அம்மா, ஒரு வட்டு வெட்ட எவ்வளவு நாள்?" என்று மகள் என்னைக் கேட்டாள்.

"ஒரு நாள் வெட்டு, ஒரு நாள் மினுக்கு," என்றேன். எனக்கும் அது நல்ல ஒப்பந்தமாகத்தான் பட்டது. பிடிவாதக்காரனை இழுத்துக்கொண்டு போவதைவிட, அவன் பிடித்த சாமானை முடிக்க விட்டுக் கூட்டிக்கொண்டு போவது சுகம். நான் அன்றிலிருந்து சமையலைக்கூடச் சுருக்கிக்கொண்டு முக்காலியில் போய்க் குந்தினேன்.

முதல் வட்டு சரிவராது என்றார். அடுத்ததும். அதற்கடுத்ததும்.

பொரித்த எண்ணெயைத்தான் வெட்டுகிற இடத்தில் சொட்டுச் சொட்டாக விடுவார். இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழும். குசினி முழுக்கக் கத்தரிக்காய்ப் பொரியல் வாசம் வரும், சாப்பிட ஒன்றும் இருக்காது. இரும்புச் சுருள் என் சேலைக் கரையில் குத்தி நிற்கும், தலைமயிரில் நிற்கும், ஒருநாள் சோற்றுக்குள்ளும் வந்தது. நான் பொறுத்தேன். டயல் எட்டுக் காட்டும். நான் எட்டு என்பேன். இவர் தடவிப் பார்த்து, சரிவராது என்பார்.

"டயல் சரியெண்டுதானே சொல்லுது?"

"டயலுக்கு என்ன தெரியும். விரல் சொல்லுது."

கிழமைகள் போயின. படியேறினால் இவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கிணற்றடிக்குப் போய் வந்தால் பாதியில் நின்று, ஏதோ பூமரத்தைப் பார்ப்பது போல நிற்பார். அந்த இடத்தில் பூமரம் ஒன்றும் இல்லை.

தகரத்தைக் கவிழ்த்தேன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவர் பூசை முடிந்து வந்து படுத்துவிட்டார். நான் குசினிக்குள் போய் அந்தப் பிஸ்கற் தகரத்தை மேசையில் கவிழ்த்தேன்.

எனக்கு இயந்திரம் தெரியாது. ஆனால் ஒரே அளவில் வெட்டிய துணிகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிப் பார்க்கத் தெரியும். ஒன்று பிழையென்றால் ஓரம் காட்டிக்கொடுத்துவிடும். பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளின் பொய்யை நான் அப்படிப் பிடித்திருக்கிறேன்.

இவர் சோதித்துப் பார்க்கிற தண்டை எடுத்தேன். வட்டுகளை ஒவ்வொன்றாக அதில் கோத்தேன். எல்லாவற்றின் தடித்த பக்கத்தையும் ஒரே பக்கமாகத் திருப்பி நெருக்கினேன். ஓரத்தில் ஒரு பிசகு இல்லை. தண்டை உருட்டிப் பார்த்தேன், சுற்றிவரப் பார்த்தேன். ஒரே துண்டாக வார்த்தது போல நின்றது. சரிவராத வட்டுகள் என்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சரிவராமல் இருக்க வேண்டும். இவை எல்லாமே சரி.

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதத்தான் ஆசை. வரவில்லை. முக்காலியில் இருந்துவிட்டேன்.

இவர் எழும்பியதும் தேத்தண்ணித் தட்டில் அந்தத் தண்டையும் வைத்துக் கொண்டுபோனேன்.

"இதைத் தடவிப் பாருங்கோ."

தடவினார். எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று அந்த விரலுக்குத் தெரியவில்லை. நான் கண்டுபிடித்தது இவருக்கு விளங்கிவிட்டது. தண்டைத் தட்டில் திரும்ப வைத்தார். தேத்தண்ணியை எடுக்கவில்லை.

"சேவியர் அண்ணையும் தன்ர காலால நடந்துதான் போனவர்," என்றார்.

சேவியர் அண்ணை இவருடைய தமையன். இதே ஒப்பரேசனுக்குக் கொழும்புக்குப் போனவர். பெட்டியில்தான் வந்தார்.

"அது அந்தக் காலம்," என்றேன்.

"நெஞ்சை வெட்டித் திறக்கிறது எந்தக் காலத்திலயும் வெட்டித் திறக்கிறதுதான்." கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இதை நிப்பாட்டிப் போட்டுத்தான் வேலை செய்வாங்களாம். பிறகு திருப்பி ஓடப்பண்ணுவாங்களாம். நான் எத்தினை இஞ்சினை நிப்பாட்டிக் கழட்டிப் போட்டு, திருப்பி ஓடப்பண்ண ஏலாமல் நிண்டிருக்கிறன் தெரியுமோ உமக்கு?"

"பயமெண்டு சொல்லியிருக்கலாம்தானே."

"உம்மட்டையோ?"

உண்மைதான், என்னிடம் பயம் என்று சொல்வது லேசான காரியம் இல்லை. சின்ன வயதிலிருந்தே பிள்ளைகளை அதட்டிப் பழகிய வாய் இது.

தேத்தண்ணி ஆறி ஆடை பிடித்தது. இவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"இன்னொண்டு வெட்டுறன். அது சரியா வரும். பிறகு போவம்."

"இதுக்குள்ள ஒண்டைப் பூட்டினால் என்ன?"

"இதுகள் வேண்டாம். இதுகள் நான் பொய் சொன்ன வட்டுகள்."

ஆஸ்பத்திரி

காலம் போய்விட்டதால் சோதனைகளைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றார்கள். போய் எடுத்தோம். இவர் முணுமுணுக்காமல் வந்தார், போகும் வழியில் ஓட்டோக்காரப் பொடியனோடு பகிடி கூட விட்டார். முடிவு சொல்கிற நாளில் நான் மட்டும் போனேன். பஸ் குலுக்கலில் இவருக்கு மூச்சு வாங்கும் என்று வீட்டில் விட்டுவிட்டேன்.

டொக்டர் ஒரு பெண்பிள்ளை. என் மகளைவிட இளையவள். ரிப்போட்டைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, தனியவோ வந்தனீங்கள்?"

அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"இருதயம் நல்லாக் களைச்சுப் போச்சு அம்மா. முந்தின ரிப்போட்டில இருந்த பலம் இப்ப இல்லை. ஒப்பரேசன் செய்தால் ஐயா தாங்கமாட்டார். நாங்கள் எல்லாரும் இருந்து கதைச்சனாங்கள். மருந்தோட வீட்டில வைச்சுப் பாருங்கோ. உப்பைக் குறையுங்கோ."

"எவ்வளவு காலம்?"

"அதை ஆரும் சொல்ல ஏலாது அம்மா."

அவள் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அடுத்து நான் என்ன கேட்பேன் என்று அவளுக்குத் தெரியும். முதலே வந்திருந்தால் என்ற கேள்வி. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லியிருக்கும், அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டி வந்திருக்கும். நன்றி சொல்லிவிட்டு எழும்பினேன்.

பஸ்ஸில் கடற்கரைப் பக்கத்து சீற். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர் வெளிறிக் கிடந்தது. மண்டைதீவுச் சந்தியில் மீன் கூடையோடு இரண்டு பெண்கள் இறங்கினார்கள், கூடைகள் வெறுமை. அல்லைப்பிட்டியில் தேவாலயத்தைத் தாண்டும்போது வழக்கம்போல் சிலுவை போட்டேன். சண்டைக்காலத்தில் அங்கே செத்தவர்களுக்காக எப்போதும் போடுகிற சிலுவை. அன்றைக்கு யாருக்காகப் போட்டேன் என்று தெரியவில்லை. மகள் போனில் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அடுத்த நாள் கிணற்றடியில் நின்று அவளுக்குச் சொன்னேன், அப்பாவுக்கு ஒரு சொல்லும் போகக் கூடாது என்றும் சொன்னேன்.

இவர் முட்டாள் இல்லை. அதுதான் என் பயம். ஒப்பரேசன் இல்லை என்று கேட்டால், ஏன் இல்லை என்று அந்த இடத்திலேயே கணக்குப் பார்த்துவிடுவார். தகரத்துக்குள் கிடந்த ஒவ்வொரு வட்டும் எத்தனை நாள் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். மிச்சமிருக்கிற காலத்தை அந்தத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே கழிப்பார். சாவு வருவது ஒன்று. அதைத் தன் கையால் வெட்டி எடுத்தேன் என்று நினைத்துக்கொண்டு படுப்பது வேறொன்று. முதலாவதை என்னால் தடுக்க ஏலாது. இரண்டாவதையாவது தடுக்கலாம் என்று நினைத்தேன். எப்படி என்று மட்டும் தெரியவில்லை. வேலணை தாண்டும் மட்டும் யோசித்தேன், ஒன்றும் வரவில்லை.

அந்தப் பின்னேரம்

வீட்டுக்குள் நுழைந்தபோது விறாந்தைக் கதிரையில் பை இருந்தது. இரண்டு சாரம், துவாய், செபமாலை, சவரச் சாமான். எல்லாம் தானே தடவித் தடவி அடுக்கி வைத்திருந்தார். முகம் வழித்திருந்தார், தாடையில் ஒரு கீறல்.

"வாரும்," என்று குசினிக்குள்ளிருந்து கூப்பிட்டார். "வெட்டியாச்சு. நீர் வந்து வாசிச்சால் சரி."

வட்டு தண்டில் ஏறியிருந்தது. டயலின் மூக்கு அதன் விளிம்பில் தொட்டுக்கொண்டிருந்தது. டயல் இல்லாமல், என் குரல் இல்லாமல், தனியே இருந்து விரலாலேயே அளந்து வெட்டியிருக்கிறார். இரண்டு நாள் வேலையை ஒரே பகலில் முடித்து, மினுக்கியும் இருந்தார். கைப்பிடியைப் பிடித்து மெதுவாகச் சுற்றினார். ஊசி போனது, திரும்பி வந்தது.

எட்டு. கோட்டுக்கு மேல் ஊசி, கோடு தெரியவில்லை. அவர் வெட்டிய வட்டுகளில் இவ்வளவு சுத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

"எவ்வளவு?" என்று கேட்டார். குரலில் ஒரு துள்ளல். தான் பயத்தை வென்றுவிட்டேன் என்கிற துள்ளல். அந்த மனிதனிடம் அப்படி ஒன்றை நான் இளவயதில் கேட்டதுதான்.

நான் டயலை இன்னொருமுறை பார்த்தேன்.

"எட்டுக்குக் கொஞ்சம் கூட," என்றேன்.

"கூடவோ?"

"ஓம். ஒரு மயிரளவு."

இவர் விரலை வைத்தார். வட்டை ஒரு சுற்றுத் தடவினார். பிறகு இன்னொரு சுற்று. விரல் ஒரு இடத்திலும் நிற்கவில்லை, நிற்க அதில் ஒன்றும் இல்லை. முகத்தை என் பக்கம் திருப்பினார். அந்தக் கண்களுக்கு நான் ஒரு நிழலாகத்தான் தெரிந்திருப்பேன்.

"அந்தப் பெண்பிள்ளை டொக்டரோ இருந்தது?"

"ஓம்."

"நல்ல பிள்ளை."

"ஓம்."

"என்னவாம்?"

"திகதி பிறகு சொல்லுவினமாம். மருந்தைக் குடிச்சுக்கொண்டு இருக்கட்டாம். உப்பைக் குறைக்கட்டாம்."

"உப்பைக் குறைக்கட்டாம்," என்று அவரும் சொன்னார்.

வெளியே காற்று விழுந்துவிட்டிருந்தது. பக்கத்து வளவில் யாரோ மாட்டைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. இவர் தண்டிலிருந்து வட்டைக் கழற்றி, சாரத்து நுனியால் துடைத்து, என் கையில் தந்தார். வெட்டிய சூடு இன்னும் கொஞ்சம் இருந்தது.

"சரிவராது," என்றார். "நாளைக்கு இன்னொண்டு வெட்டுவம்."

பிறகு எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்து விறாந்தைக்குப் போனார். பையிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரிக்குள் வைக்கிற சத்தம் கேட்டது. நான் குசினியை விட்டு வெளியே வரவில்லை. வந்தால் அவர் என் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிடுவார் என்று பயமாக இருந்தது.

அடுத்த நாள் காலையே லேத்தைப் போட்டார். நான் முக்காலியில் இருந்தேன். பின்னேரம் வட்டைத் தண்டில் ஏற்றிச் சுற்றினார். எட்டு.

"எவ்வளவு?"

"எட்டுக்குக் கொஞ்சம் குறைவு," என்றேன்.

இவர் விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார்.

"ஓம்," என்றார். "எனக்கும் அப்பிடித்தான் தெரியுது."